வீட்டிலே கணிதம் பயிலும் பிள்ளைக்கு எந்தப் பாடத்திட்டம்?

மாற்றல் உத்தரவு பள்ளி விடுமுறையைப் பார்த்து வருவதில்லை. அக்டோபரில் வருவதுண்டு, சனவரியிலும் வருவதுண்டு. சேலத்திலோ திருச்சியிலோ தமிழ்வழி படித்துக்கொண்டிருந்த பிள்ளை, ஜபல்பூரிலோ பிலாஸ்பூரிலோ கரக்பூரிலோ வேற்றுமொழி ஒலிக்கும் வகுப்பறை வாயிலில் திகைத்து நிற்க நேரிடுகிறது. இடம் கிடைக்காமையாலோ, மொழி பிடிபடாமையாலோ, உடல்நலக் குறைவாலோ, ‘ஓராண்டு வீட்டிலேயே படிக்கட்டும்’ என்று முடிவு செய்யும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. பள்ளி முறையே தம் பிள்ளைக்கு ஒவ்வாது என ஆய்ந்து தெளிந்து, வீட்டிலேயே கற்பிக்கும் பெற்றோரும் இக்காலத்தில் உளர். இவ்விரு சாராரும் நம் சங்க நூலகத்தில் சந்திக்கும்பொழுது பேச்சு எங்கே தொடங்கினும் கணிதத்தில்தான் வந்து முடிகின்றது. ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை எந்தப் பாடத்திட்டத்தைக் கைக்கொள்வது என்பதே அவர்தம் கவலை.

கவலைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. வரலாற்றை இடையில் தொடங்கிப் படித்தாலும் ஒருவாறு விளங்கும். அசோகரை அறியாத பிள்ளை அக்பரைப் படித்துவிடலாம். கணிதம் அவ்வாறன்று. ஆறாம் வகுப்பில் பின்னத்தை அரைகுறையாக விட்ட பிள்ளை எட்டாம் வகுப்பில் விகிதசமத்தில் தடுமாறுகிறது; ஒன்பதில் இயற்கணிதக் கோவைகளைச் சுருக்கத் தெரியாமல் விழிக்கிறது; பத்தில் முக்கோணவியலைக் கண்டதும், ‘எனக்குக் கணக்கே வராது’ என்று சொல்லிவிடுகிறது. உண்மையில் அதற்கு வராதது முக்கோணவியல் அன்று; நான்காண்டுகளுக்கு முன் விட்ட பின்னமே. பள்ளியிலாவது ஆண்டுதோறும் ஓர் ஆசிரியர் மாறிமாறிப் பார்க்கிறார். வீட்டில் அந்த ஓட்டையைக் கண்டுபிடிப்பாரும் அடைப்பாரும் தாயும் தந்தையுமே.

‘எந்தப் புத்தகம் நல்லது?’ என்றே பெரும்பாலோர் வினவுகின்றனர். இவ்வினா, பயணச்சீட்டு முகப்பில் நின்று ஊர் பெயர் சொல்லாமல், ‘நல்ல வண்டியாகப் பார்த்து ஒரு சீட்டுக் கொடுங்கள்’ என்று கேட்பதைப் போன்றது. பிள்ளை பதினைந்தாம் வயதில் எந்தத் தேர்வை எழுதப் போகிறது என்பதை முதலில் முடிவு செய்தல் வேண்டும். புத்தகம் அதன் பின்னரே.

அதற்கு முன் சட்டத்தைப் பற்றி ஒரு சொல். 2009-ஆம் ஆண்டு இயற்றப்பெற்று, 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகளைப் பற்றியது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அது கூறுகிறது. தவறும் பெற்றோர்க்குத் தண்டனை எதனையும் அச்சட்டம் விதிக்கவில்லை. இல்லக்கல்விக்கென்று அதில் தனிப் பிரிவும் இல்லை. நமக்குப் பயன்படும் செய்தி மற்றொன்று: இடையில் பள்ளியை விட்ட பிள்ளை திரும்பி வந்தால், வயதுக்கேற்ற வகுப்பில் அதனைச் சேர்த்து, பின்தங்கிய பாடங்களில் தனிப்பயிற்சி அளித்தல் வேண்டும் என்று அச்சட்டத்தின் நான்காம் பிரிவு சொல்கிறது. ஓராண்டுக்கென்று வீட்டில் வைத்துக் கற்பிப்போர் இதனை அறிந்திருத்தல் நலம்.

இனி, தேர்வுகள். வீட்டில் பயிலும் பிள்ளைக்கு நாடெங்கும் திறந்திருக்கும் அகன்ற வாயில் தேசியத் திறந்தநிலைப் பள்ளிக்கல்வி நிறுவனமேயாகும். என்.ஐ.ஓ.எஸ். என்று சுருக்கி வழங்குகின்றனர். மத்திய அரசு 1989-இல் நிறுவியது இது. பதினான்கு வயது நிரம்பிய பிள்ளை இதன் உயர்நிலைத் தேர்வுக்குப் பதிவு செய்துகொள்ளலாம். ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல்–மே மாதங்களிலும் அக்டோபர்–நவம்பர் மாதங்களிலும், பொதுத் தேர்வு நடைபெறுகிறது. எல்லாப் பாடங்களையும் ஒரே மூச்சில் எழுத வேண்டுவதில்லை. ஐந்தாண்டுக் காலத்தில் ஒன்றிரண்டாக எழுதி முடிக்கலாம். தந்தை ஊர்விட்டு ஊர் மாறினும் பிள்ளையின் பதிவு அழிவதில்லை. நம் போன்ற மாற்றல் குடும்பங்களுக்கென்றே வகுத்தது போல் இருக்கிறது.

இந்நிறுவனத்தின் கணிதப் பாடம் இயற்கணிதம், வணிகக் கணிதம், வடிவியல், அளவியல், முக்கோணவியல், புள்ளியியல் என்று ஆறு பகுதிகளாக அமைந்துள்ளது. நூல்கள் தனியே படிப்போர்க்காக எழுதப்பெற்றவை. ஒவ்வொரு பாடத்தின் இடையிலும் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் வினாக்களும், அவற்றின் விடைகளும் உண்டு. வணிகக் கணிதம் நமக்குப் பிடித்த பகுதி. தவணை முறையில் பொருள் வாங்கினால் உண்மையில் எத்தனை விழுக்காடு வட்டி கொடுக்கிறோம் என்பதை ஒரு பிள்ளை பதினைந்து வயதில் கணக்கிடக் கற்றுக்கொண்டால், பிற்காலத்தில் அதன் குடும்பத்துக்கு எவ்வளவு மிச்சம்!

தமிழ்நாட்டு அரசுத் தேர்வுகள் இயக்ககம் தனித்தேர்வர்க்கு எட்டாம் வகுப்புத் தேர்வும் பத்தாம் வகுப்புத் தேர்வும் நடத்துகிறது. ஊருக்குத் திரும்பிவிடும் எண்ணமுள்ளவர்க்கும், தாத்தா பாட்டி வீட்டில் தங்கித் தேர்வெழுத வசதியுள்ளவர்க்கும் இது நல்ல வழி. சி.பி.எஸ்.இ. எனப்படும் மத்திய வாரியத்தின் பத்தாம் வகுப்புத் தேர்வு, சில விலக்குகள் நீங்கலாக, அதனோடு இணைந்த பள்ளியில் பயில்வோர்க்கே உரியது. வீட்டில் அவ்வாரிய நூல்களைப் படிக்கலாம். வீட்டிலிருந்து நேரே சென்று அத்தேர்வை எழுதிவிட முடியாது. இவ்வேற்றுமை தெரியாமல் ஒன்பதாம் வகுப்பு முடியும் வரை காத்திருந்து, பின்பு பள்ளி தேடி அலைந்த குடும்பம் ஒன்றை நாம் அறிவோம். கேம்பிரிட்ஜ் நிறுவனத்தின் ஐ.ஜி.சி.எஸ்.இ. தேர்வைத் தனியராக எழுத இசையும் மையங்கள் பெருநகரங்களில் உண்டு. கட்டணம் நம்மவர் சம்பளத்துக்கு எட்டாது; எட்டுவோர் எழுதட்டும்.

இங்கே நாம் சற்றே நின்று பேச வேண்டிய செய்தி ஒன்று உளது. திறந்தநிலைப் பள்ளியின் உயர்நிலைத் தேர்வில் தேற ஐந்து பாடங்கள் வேண்டும். அவற்றுள் ஒரு மொழியேனும் இருத்தல் வேண்டும். கணிதம் கட்டாயமன்று. வீட்டில் கணக்குப் பாடம் வந்தாலே கண்ணீரும் கோபமுமாக மாறும் நிலையில், ‘இந்தத் தொல்லையே வேண்டா; மனையியலையும் ஓவியத்தையும் எடுத்துக்கொள்’ என்று சொல்லிவிடப் பெற்றோர்க்கு மனம் தாவும். அன்று வீட்டில் அமைதி பிறக்கும் என்பது மெய்தான். ஆனால் அம்முடிவைப் பதினான்கு வயதில் எடுக்கிறோம். அதன் விளைவு பதினேழு வயதில் தெரிகிறது.

நமக்குத் தெரிந்த குடும்பத்துப் பெண் ஒருத்தி அவ்வாறே கணிதத்தை விடுத்து நல்ல மதிப்பெண் பெற்றுத் தேறினாள். ஓவியத்தில் கை தேர்ந்தவள். பதினேழாம் வயதில் கட்டடக் கலை பயில வேண்டும் என்ற ஆசை அவளுக்கு உண்டாயிற்று. அப்படிப்புக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் வேண்டும். ஒரு பாடத்தை மட்டும் தனியே பதிவு செய்து எழுதத் திறந்தநிலைப் பள்ளி இடம் தருவதால் அவளுக்குக் கதவு முற்றிலும் அடைபடவில்லை. எனினும் தோழியர் கல்லூரிக்குச் செல்லும் காலத்தில் அவள் பின்னத்திலிருந்து தொடங்கினாள். அவளுக்கு அறிவு குறைவன்று. எவரும் அவளிடம், ‘இக்கதவைச் சாத்துகிறோம், தெரியுமா?’ என்று கேட்கவில்லை.

பொறியியல் நுழைவுத் தேர்வாகிய ஜே.இ.இ.யில் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கணிதம். அவ்வளவு உயரம் வேண்டா என்போர்க்கும் சொல்கிறோம்: இரயில்வேயில் பத்தாம் வகுப்புத் தகுதியில் ஆள் எடுக்கும் முதல்நிலைப் பணிகளுக்கான தேர்வில் 100 வினாக்களில் 25 கணிதம், எழுத்தர், நிலைய அதிகாரி முதலிய பணிகளுக்கான முதற்கட்டத் தேர்வில் 30. அவை ஏறத்தாழப் பத்தாம் வகுப்பு அளவினவே. எண்களைக் கையாளுவதில் இயல்பாகவே குறைபாடுடைய பிள்ளைகள் சிலர் உண்டு. அதற்குரிய மருத்துவரோ உளவியலாரோ சோதித்துச் சொன்னால், கணிதத்தை விடும் உரிமை அவர்க்கு ஒரு வரமே. அதனைக் குறை கூறமாட்டோம். மற்றவர்க்கு, அழுகையை நிறுத்துவதற்காக மட்டும் அவ்வுரிமையைப் பயன்படுத்தலாகாது என்பது நம் கருத்து.

நிற்க. தேர்வு எது என்று தெளிந்தபின், ஆறு முதல் எட்டு வரை அடித்தளமிடும் நூல் எது என்ற வினா வருகிறது. நம் கையருகே உள்ளவை இரண்டு: என்.சி.இ.ஆர்.டி. வெளியிடும் நூல்களும், தமிழ்நாட்டுப் பாடநூல்களும். இரண்டும் அவ்வவற்றின் இணையதளங்களில் விலையின்றிக் கிடைக்கின்றன. இரண்டும் நல்லவை, ஆனால் நடை வேறு, வரிசை வேறு.

என்.சி.இ.ஆர்.டி. தன் கணித நூல்களைப் புதுப்பித்து, ‘கணித பிரகாஷ்’ என்ற பெயரில் 2024-இல் ஆறாம் வகுப்புக்கும், 2025-இல் ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கும் வெளியிட்டது. எண்களின் கோலங்களைக் காட்டி, பிள்ளையையே விதியைக் கண்டுபிடிக்கத் தூண்டும் போக்கு இந்நூல்களில் மிகுதி. ஆறாம் வகுப்பு நூல் கோலங்களில் தொடங்கி, பூச்சியத்துக்கு மறுபுறத்தே உள்ள குறை எண்களில் முடிகிறது. எழுத்துகளை எண்ணுக்குப் பதிலாக வழங்கும் இயற்கணிதம் ஏழாம் வகுப்பில் வருகிறது. விகிதசமம் எட்டாம் வகுப்பில் வருகிறது. ஆராய்ச்சி மனப்பான்மையுள்ள பிள்ளைக்கு இந்நூல் இனிக்கும். ஆனால் உடனிருந்து பேச ஆள் வேண்டும், ‘ஏன் அப்படி?’ என்று புத்தகம் கேட்டுவிட்டு நகர்ந்துவிடும். வீட்டில் பதில் சொல்வார் இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டு நூல்கள் 2018-ஆம் ஆண்டு முதல் புதிய வடிவில் வந்தவை. ஆறாம் வகுப்பின் முதற் பருவத்திலேயே இயற்கணித அறிமுகமும், விகிதமும் விகிதசமமும் வந்துவிடுகின்றன. இரண்டாம் பருவத்தில் கடைப் பட்டியலும் இலாப நட்டமும் உண்டு. பின்னமும் முழுக்களும் மூன்றாம் பருவத்தில். எடுத்துக்காட்டுக் கணக்குகள் படிப்படியாகச் செய்து காட்டப்பெற்றுள்ளன. பத்தாம் வகுப்பிலோ என்.சி.இ.ஆர்.டி. நூலில் இல்லாத அணிகளும், பெருக்குத் தொடர்வரிசையும், சார்புகளின் சேர்ப்பும் இதில் இடம் பெறுகின்றன. பொதுத் தேர்வின் 100 மதிப்பெண்ணில் 16, வரைகருவி கொண்டு செய்யும் வடிவியல் வரைவுக்கும் வரைபடத்துக்கும் உரியவை. கை சுத்தமாக வரையும் பிள்ளைக்கு இது கொடுத்து வைத்த மதிப்பெண்.

இவ்விரண்டையும் கலந்து படித்தால் வரும் இடரைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆறாம் வகுப்பில் என்.சி.இ.ஆர்.டி. நூலைப் படித்துவிட்டு ஏழில் தமிழ்நாட்டு நூலுக்கு மாறும் பிள்ளை, இயற்கணிதத்தையும் விகிதத்தையும் தான் முன்பே கற்றதாக நூல் எண்ணிக்கொண்டு பேசுவதைக் கண்டு மருளும். அப்படியே எதிர்த்திசையில் மாறினால், கற்றதையே மீண்டும் கற்கும் சலிப்பு. ஆகவே ஒரு நூலை முதுகெலும்பாகக் கொண்டு எட்டாம் வகுப்பு முடியும் வரை அதிலேயே வரிசையாகச் செல்ல வேண்டும். மாறியே தீர வேண்டுமானால் இரு நூல்களின் பொருளடக்கத்தையும் அருகருகே வைத்து, விடுபட்ட இயல்களைக் குறித்துக்கொண்டு, கோடை விடுமுறையில் அவற்றை மட்டும் முடித்துவிட்டு மாறுக. வேலை ஒரு மாலைப்பொழுதுதான். மிச்சப்படும் தொல்லை ஓராண்டு.

தமிழ்க் குடும்பங்களுக்கு நாம் சிறப்பாகச் சொல்ல விழைவது இனி வருவது. நம் வீடுகளில் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித்தருபவர் பெரும்பாலும் தாயே. அவர் தமிழ்வழி படித்தவர். பிள்ளையோ ஆங்கிலத்தில் படிக்கிறது. தாய் ‘மீச்சிறு பொது மடங்கு’ என்பார், பிள்ளை ‘எல்.சி.எம்.’ என்னும், அண்டை வீட்டு இந்தி ஆசிரியர் ‘லகுத்தம சமாபவர்த்ய’ என்று வேறொன்றைச் சொல்வார். மூவரும் சொல்வது ஒன்றே என்பது தெரியாமல், ‘அம்மாவுக்கு எங்கள் கணக்குத் தெரியாது’ என்று பிள்ளை தீர்ப்புக் கூறிவிடுகிறது. தாயும் அதை நம்பி ஒதுங்கிவிடுகிறார். தெரியாதது கணக்கன்று, பெயர்தான்.

இதற்குத் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் எளிய மருந்து இருக்கிறது. ஒரே நூல் தமிழ்வழியிலும் ஆங்கிலவழியிலும் வெளிவருகிறது. இயல்களும், எடுத்துக்காட்டுகளும், பயிற்சிக் கணக்குகளும் அவையே. தாய் கையில் தமிழ் நூல், பிள்ளை கையில் ஆங்கில நூல். அதே பயிற்சி, அதே வினா எண். தாய் முதல் நாள் இரவு தமிழில் படித்துக்கொண்டு மறுநாள் தயக்கமின்றி அமரலாம். ஒவ்வொரு இயலிலும் வரும் கலைச்சொற்களை ஒரு குறிப்பேட்டில் தமிழ், ஆங்கிலம் என இரு பத்தியாகப் பிள்ளையைக் கொண்டே எழுதச் செய்க. இந்தி மாநிலத்தில் இருப்போர் மூன்றாம் பத்தி சேர்த்துக்கொள்க. பிள்ளை என்.சி.இ.ஆர்.டி. நூலையோ திறந்தநிலைப் பள்ளி நூலையோ முதுகெலும்பாகக் கொண்டிருந்தாலும், தாய்க்குத் துணைநூலாகத் தமிழ்ப் பாடநூல் வீட்டில் இருப்பது நன்று.

தாய்மொழியில் சொல்லும்பொழுது சில கருத்துகள் தாமே விளங்கிவிடும் என்பதற்கு ஒரு சான்று தருவோம். பாட்டிமார் வழங்கிய பின்னப் பெயர்களை எண்ணிப் பாருங்கள்: முக்கால், அரை, கால், அரைக்கால், மாகாணி. ‘அரைக்கால்’ என்பது காலில் அரை. அதாவது 1/2-ஐயும் 1/4-ஐயும் பெருக்கினால் 1/8. பின்னங்களைப் பெருக்கினால் ஏன் சிறுத்துவிடுகிறது என்று ஆங்கிலத்தில் அரைமணி நேரம் விளக்கியும் புரியாத பிள்ளைக்கு, இவ்வொரு சொல் போதும். ‘மாகாணி’ இன்னும் அழகு. மா என்பது 1/20. காணி என்பது 1/80. இரண்டையும் கூட்ட, பகுதிகளைச் சமமாக்கி 4/80-உம் 1/80-உம் சேர்ந்து 5/80, சுருக்கினால் 1/16. ஒரு பெயருக்குள்ளே ஒரு கூட்டல் கணக்கு ஒளிந்திருக்கிறது. திண்ணைப் பள்ளியில் இவற்றை மனப்பாடம் செய்து உருப்போட்டனர். நாம் உருப்போட வேண்டா, விடுகதையாகச் சொன்னால் போதும்.

வெளிநாட்டுப் பாடத்திட்டங்களைப் பற்றியும் சிலர் கேட்கின்றனர். சிங்கப்பூர் முறை நூல்கள் படம் வரைந்து கணக்கை விளக்குவதில் சிறந்தவை. அமெரிக்கச் சாக்சன் நூல்கள் பழைய பாடத்தைத் திரும்பத் திரும்பப் பயிற்றுவதில் பேர் பெற்றவை. ஆயினும் டாலரும் அடியும் அங்குலமும் நிறைந்த அமெரிக்க நூல்களைக் கொண்டு இலட்சத்தையும் கோடியையும் பயிற்றுவது வீண் சிரமம். கான் அகாதெமியின் காணொளிகள் இலவசம். நம் நாட்டு வகுப்புகளுக்கேற்ப வரிசைப்படுத்தியும் வைத்துள்ளனர். ஐயம் தீர்க்க நல்ல துணை. பார்த்துக்கொண்டே இருந்தால் கணக்கு வந்துவிடும் என்று மட்டும் பிள்ளை எண்ணிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆர்.டி. சர்மா, ஆர்.எஸ். அகர்வால் நூல்கள் கணக்குகளின் களஞ்சியம். கருத்து விளங்கியபின் கை பழகுவதற்கு உரியவை. அவற்றையே பாடநூலாகக் கொண்டு, நாளொன்றுக்கு அறுபது கணக்கு என்று பிள்ளையை வாட்டும் தந்தையரையும் நாம் பார்க்கிறோம். அறுபதில் ஐம்பது ஒரே அச்சு. பிள்ளையின் கை ஓடுகிறது, மனம் வேறெங்கோ இருக்கிறது.

எந்த வகுப்பு நூலிலிருந்து தொடங்குவது? வயதைப் பார்த்து முடிவு செய்யற்க. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், தேர்வு என்ற பேரச்சம் காட்டாமல், பின்வரும் எட்டுக் கணக்குகளைப் பிள்ளைக்குக் கொடுத்துப் பாருங்கள். 3/4, 5/7 இவற்றுள் பெரியது எது? 1/2-ஐ 1/4-ஆல் வகுத்தால் என்ன, அதற்கு வீட்டுச் சமையலிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு யாது? 0.35-உடன் 0.7-ஐக் கூட்டுக. குறை 3-இலிருந்து குறை 8-ஐக் கழிக்க. 12 ஆட்கள் 15 நாளில் முடிக்கும் வேலையை 20 ஆட்கள் எத்தனை நாளில் முடிப்பர்? 240 ரூபாய்ப் பொருளின் விலையை 20 விழுக்காடு ஏற்றிப் பின் 20 விழுக்காடு இறக்கினால் விலை என்ன? ஓர் எண்ணை ஏழால் பெருக்கி ஐந்தைக் கூட்ட நாற்பது வந்தால் அவ்வெண் எது? நீளம் அகலத்தைப் போல் இருமடங்கான ஒரு செவ்வக நிலத்தின் சுற்றளவு 36 மீட்டர்; பரப்பு எவ்வளவு?

விடையைக் காட்டிலும் விடை பிறந்த வழியைக் கவனிக்க வேண்டும். மூன்றாம் கணக்குக்கு 0.42 என்று எழுதும் பிள்ளை, புள்ளிக்குப் பின் இடமதிப்பை உணரவில்லை. வயது பதின்மூன்று ஆனாலும் அதனை ஐந்தாம் வகுப்பு, ஆறாம் வகுப்புப் பாடத்திலிருந்து தொடங்க வைக்க வேண்டும். ஐந்தாம் கணக்குக்கு 25 நாள் என்று சொன்னால், ஆள் கூடினால் நாள் குறையும் என்று நினைத்துப் பாராமல் வாய்பாட்டில் எண்ணைத் திணித்துவிட்டது என்று அறியலாம். ஆறாவதற்கு ‘பழைய விலையே’ என்பது பெரியோர்களும் கூறும் விடை. அதற்காகப் பிள்ளையைக் கடிந்துகொள்ளாதீர்கள். எட்டில் ஆறு சரியாக, காரணத்தோடு வந்தால் எட்டாம் வகுப்பு நூலுக்குப் போகலாம். நான்குக்குக் கீழ் வந்தால், பிள்ளையின் நாணத்தைப் பாராமல் ஆறாம் வகுப்பு நூலைக் கையில் எடுங்கள். கெட்டியான அடித்தளமுள்ள பிள்ளை ஒரு வகுப்பு நூலை ஆறு மாதத்தில்கூட முடித்துவிடும். பின்தங்கியது விரைவில் ஈடாகிவிடும்.

நாளொன்றுக்கு ஒரு மணி நேரம், கிழமைக்கு ஐந்து நாள், ஆண்டில் நாற்பது கிழமை. ஆக 200 மணி நேரம். பிள்ளை ஒருவர்க்கு ஒருவர் கற்பிக்கும் வீட்டில் இது போதும். முதல் பத்து நிமிடம் நேற்றைய தவற்றைத் திருத்துவதற்கு. பின் புதிய பாடம். கடைசியில் பிள்ளையே கரும்பலகையில் ஒரு கணக்கை நமக்குக் கற்பிக்க வேண்டும். விடைப்பகுதியைத் தாய் தம் வசம் வைத்துக்கொள்ளலாம். ஒளித்து வைக்க வேண்டியதில்லை.

வடிவியலும் முக்கோணவியலும் புத்தகத்தில் மட்டும் இருப்பன அல்ல. ஊருக்குப் போகும் வண்டியில் கிலோமீட்டர்க் கற்களை எண்ணச் சொல்லுங்கள். ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் 45 வினாடி ஆனால் வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர். 36 வினாடி ஆனால் 100. எதிர்விகிதம் எப்படியிருக்கும் என்பதைப் பிள்ளை சன்னலோரத்தில் கண்டுகொள்ளும். சென்னையிலிருந்து புனே வழியாக மும்பை செல்வோர், லோனாவலாவுக்கும் கர்ஜத்துக்கும் இடையே போர்க் கணவாயில் இறங்குகிறார்கள். அங்கே இருப்புப் பாதையின் சரிவு 37-க்கு 1. அதன் கோணம் எத்தனை பாகை என்று கேளுங்கள். இருபது, முப்பது என்று சொல்லும். தேன்சன் அட்டவணையைப் பார்த்தால் ஏறத்தாழ ஒன்றரைப் பாகைதான்! அந்த ஒன்றரைப் பாகையில் ஏறுவதற்கே கர்ஜத்தில் வண்டியின் பின்னால் கூடுதல் எஞ்சின் பூட்டித் தள்ளுகிறார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறும் மலைப்பாதையில் சரிவு 12-க்கு 1 என்ற அளவை நெருங்குவதால், பற்சக்கரம் இன்றி வண்டி ஏறாது. தேன்சன் மதிப்பு எதற்கு என்று பின்பு அப்பிள்ளை கேட்பதில்லை.

பள்ளிக்குத் திரும்பும் எண்ணமுள்ளவர்கள், சேரவிருக்கும் பள்ளி எந்த நூலைக் கைக்கொள்கிறது என்பதை ஓராண்டு முன்னரே விசாரித்து, அதனையே முதுகெலும்பாகக் கொள்க. சேர்க்கையின்போது காட்ட, பிள்ளை செய்த கணக்கு ஏடுகளைத் தேதியிட்டு வைத்திருங்கள். திறந்தநிலைப் பள்ளியில் பதிவு செய்வோர் அவ்வாண்டுக்குரிய விளக்க ஏட்டை முழுமையாகப் படித்துவிடுவது இன்றியமையாதது. வீட்டிலிருந்து எழுதி அனுப்பும் ஒப்படைப்புகளுக்கும் மதிப்பெண் உண்டு, அவற்றின் கடைசி நாளைத் தவறவிட்டுப் பின்பு வருந்துவோர் பலர். ஒன்பதாம் வகுப்புப் பாடமும் பத்தாம் வகுப்புப் பாடமும் சேர்ந்ததுதான் அதன் கணிதத் தாள். ஆகையால் பதிவுக்கு முன் ஓராண்டேனும் அப்பாடத்தில் கழிந்திருக்க வேண்டும்.

மேலே கொடுத்த கணக்குகளுக்கு விடை கேட்டு எழுதுவோர் இருப்பர். வரிசைப்படி: 3/4 பெரியது, பகுதி 28 ஆக்கினால் 21-உம் 20-உம் ஆதலின், 2, 1.05, 5, 9 நாள், 230 ரூபாய் 40 காசு, 5, 72 சதுர மீட்டர்.